சாலி ஹெமிங்ஸின் வம்சாவழி: தகப்பன் பேர் எழுதாத கொப்பி

பாரிஸ் சாம்ஸ் எலிசே வீதியில், ரூ து பெரி என்ற குறுக்குத்தெரு வந்து சேர்கிற மூலைச் சுவரில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் இந்த இடத்தில் குடியிருந்தார் என்று அது சொல்லும். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பிறகு அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியானவர். அவர் இருந்த மாளிகை இடிக்கப்பட்டுக் கனகாலம். அதே கூரைக்குக் கீழே இருந்த இன்னும் இரண்டு பேரைப் பற்றி அந்தக் கல் ஒன்றும் சொல்லாது. ஒருவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ், சமையற்காரர். மற்றது அவருடைய தங்கை சாலி ஹெமிங்ஸ். இரண்டு பேரும் ஜெபர்சனின் அடிமைகள்.

நானும் இந்த நகரத்துக் குசினிகளில் வேலை செய்து வருகிறவன் என்றபடியால் முதலில் என் கண்ணில் பட்டது தமையன்தான். 1784இல் பத்தொன்பது வயதில் ஜெபர்சன் அவரைப் பிரெஞ்சுச் சமையல் பழக்குவதற்காகவே இங்கே கொண்டு வந்தார். பெரிய சமையற்காரர்களுக்குக் கீழே தொழில் பழகி, சொந்தக் காசில் பிரெஞ்சுப் பாடம் எடுத்து, 1787இல் அந்த மாளிகையின் தலைமைச் சமையற்காரரானார் ஜேம்ஸ். அவருடைய கதையைத் தேடி வாசிக்கப் போய்த்தான் தங்கையின் கதைக்குள் விழுந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்து இடையில் விட்டவன் நான். ஆனாலும் ஒரு மனிசியின் குடும்ப மரத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாடே இருநூறு வருடம் சண்டை பிடித்ததை இப்போதுதான் முழுதாக அறிந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மரத்தை வேரிலிருந்து தொடங்குவதுதான் முறை. இந்த மரத்துக்கு வேர் ஒரு சட்டம்.

ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளை தகப்பனைச் சேரும். தகப்பன் சுதந்திர மனிதன் என்றால் பிள்ளையும் அப்படித்தான். வேர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண் இருந்தார். தாய் ஆபிரிக்கர், தகப்பன் ஆங்கிலேயர். தகப்பன் செத்த பிறகு அவரை ஆயுள் அடிமையாக வைத்திருக்கப் பார்த்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். என் தகப்பன் சுதந்திர ஆங்கிலேயர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், எனக்கு விதித்த ஒப்பந்த வருடங்களும் எப்போதோ முடிந்துவிட்டன என்று வாதாடி, 1656இல் வென்றார்.

அந்த வெற்றி தோட்ட முதலாளிகளுக்குப் பயத்தைக் கொடுத்தது. 1662இல் வேர்ஜீனியா சட்டசபை ஒரு சட்டம் போட்டது: இனிமேல் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. இந்த ஒரு வரியின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். ஒரு முதலாளி தன் அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை அவருக்கு மகனோ மகளோ இல்லை, அவருடைய சொத்து. தகப்பன் பெயரை எழுதவேண்டிய தேவையே சட்டத்துக்கு இல்லாமல் போனது. சாலியின் குடும்ப மரத்தில் மூன்று தலைமுறைக்குத் தகப்பன் பெயர் எந்தப் பதிவிலும் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

முதல் தலைமுறை. ஆபிரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்ட ஒரு பெண். அவருக்கும் ஹெமிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவனுக்கும் 1735ஆம் ஆண்டளவில் எலிசபெத் பிறந்தார். கப்பல்காரன் தன் பிள்ளையை விலைக்குக் கேட்டான், முதலாளி கொடுக்கவில்லை, களவாகத் தூக்கிக்கொண்டு போகவும் பார்த்தான், அதுவும் சரிவரவில்லை என்று அந்தக் குடும்பத்தில் வாய்வழியாகச் சொல்லி வந்தார்கள். தகப்பனிடமிருந்து அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியது பெயர் ஒன்றுதான்.

இரண்டாம் தலைமுறை. எலிசபெத்தை எல்லோரும் பெற்றி என்று கூப்பிட்டார்கள். 1746இல் மார்த்தா எப்ஸ் என்ற பணக்காரப் பெண் ஜோன் வெயில்ஸ் என்ற சட்டத்தரணியைக் கலியாணம் முடித்தபோது, சீதனத்தோடு சீதனமாகப் பெற்றியும் அந்த வீட்டுக்குப் போனார். மார்த்தா எப்ஸ் 1748இல் ஒரு மகளைப் பெற்று, கொஞ்ச நாளில் இறந்து போனார். அந்த மகளுக்கும் மார்த்தா என்றே பெயர். வெயில்ஸ் அதன்பின் இரண்டு கலியாணம் செய்து அந்த மனைவிமாரையும் இழந்தார். பிறகு பெற்றியிடம் ஆறு பிள்ளைகள்: றொபேர்ட், ஜேம்ஸ், தீனியா, கிறிற்றா, பீற்றர், கடைசியாக 1773இல் சாலி. சாலி பிறந்த அதே வருடம் வெயில்ஸ் இறந்தார்.

மூத்த மகள் மார்த்தா 1772இல் தோமஸ் ஜெபர்சனைக் கலியாணம் முடித்திருந்தார். வெயில்ஸின் சொத்துப் பிரித்தபோது 1774இல் 135 அடிமைகள் ஜெபர்சன் தம்பதிக்குக் கிடைத்தார்கள். அதில் பெற்றியும் பிள்ளைகளும் அடக்கம். கைக்குழந்தை சாலி மொன்டிசெல்லோ தோட்டத்துக்கு வந்தது இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு விசயம் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் இதை வாசிக்கும்போது "மனைவியின் அரைச் சகோதரி" என்று ஒரு வார்த்தையில் போய்விடும், மனதில் ஒட்டாது. எங்கட முறையில் சொல்லிப் பாருங்கள். தகப்பன் ஒருவர் என்றால் தாய் யாராக இருந்தாலும் சகோதரிதானே. அப்போது சாலி, திருமதி ஜெபர்சனுக்குத் தங்கச்சி. ஜெபர்சனுக்கு மச்சாள். ஜெபர்சனின் பிள்ளைகளுக்குச் சின்னம்மா. சின்னம்மாவைச் சொத்துப் பட்டியலில் எழுதி வைத்திருந்த வீடு அது.

திருமதி ஜெபர்சன் 1782இல் இறந்தார். ஜெபர்சன் மூத்த மகளோடு பாரிசுக்கு வந்தார். 1787இல் எட்டு வயது இளைய மகள் மேரியையும் அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, துணைக்கு வந்தது பதினான்கு வயதுச் சாலி. இடையில் லண்டனில் இவர்களைப் பொறுப்பேற்ற அபிகேல் அடம்ஸ் அம்மையார், துணைக்கு வந்ததும் ஒரு சின்னப் பிள்ளைதானே என்ற கருத்தில் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதினார். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பிள்ளை. அதுவும் அதன் சின்னம்மா.

பாரிசில் சாலிக்கும் ஜேம்சுக்கும் சம்பளம் கொடுக்கப்பட்டது. அதைவிட முக்கியம், பிரெஞ்சு மண்ணில் அடிமைத்தனம் செல்லாது என்ற கொள்கை இங்கே இருந்தது. நீதிமன்றத்தில் மனுக் கொடுத்த அடிமைகளுக்குப் பெரும்பாலும் விடுதலை கிடைத்தது. 1789இல் ஜெபர்சன் ஊருக்குத் திரும்ப வெளிக்கிட்டபோது சாலிக்குப் பதினாறு வயது, ஜெபர்சனுக்கு நாற்பத்தாறு. சாலி வயிற்றில் பிள்ளை. திரும்பி வரமாட்டேன் என்று சாலி சொன்னதாகவும், வந்தால் விசேஷ சலுகைகள் தருவதாகவும் பிறக்கும் பிள்ளைகளை இருபத்தொரு வயதில் விடுதலை செய்வதாகவும் ஜெபர்சன் வாக்குக் கொடுத்ததாகவும் மகன் மடிசன் பின்னர் சொன்னார். அந்த வாக்கை நம்பிச் சாலி கப்பல் ஏறினார். அந்த முதல் பிள்ளை கொஞ்சக் காலம்தான் உயிரோடு இருந்தது.

அந்தப் பிள்ளை ஏன் திரும்பிப் போனாள் என்று கேட்பது எங்களுக்குச் சுகம். தாயும் சகோதரங்களும் அந்தக் கரையில். இந்தக் கரையில் புரட்சி வெடித்து, பாணுக்குச் சண்டை நடக்கிற நகரம். பதினாறு வயது, வயிற்றில் பிள்ளை, கையில் காசில்லை. ஊரை விட்டு வந்த எங்களில் கனபேருக்கு இந்தக் கணக்கு விளங்கும். சுதந்திரம் ஒரு பக்கம், சொந்தம் ஒரு பக்கம் என்று வைத்து எவரும் எவரையும் தெரிவு செய்யச் சொல்லக்கூடாது.

மூன்றாம் தலைமுறை. ஜெபர்சனிடம் தோட்டக் கணக்குக் கொப்பி ஒன்று இருந்தது. அடிமைகளின் பெயர், பிறந்த வருடம், யாருக்கு எத்தனை முழம் துணி, எத்தனை போர்வை என்று எல்லாம் தன் கையால் எழுதி வைத்த கொப்பி. சாலியின் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். 1795இல் ஹரியற், இரண்டு வயதில் இறந்தது. 1798இல் பெவர்லி. 1799இல் ஒரு பெண்பிள்ளை, அதுவும் தங்கவில்லை. 1801இல் இன்னொரு ஹரியற். 1805இல் மடிசன். 1808இல் எஸ்ற்றன். தாயின் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை. எழுதியவரே தகப்பன் என்றால் எப்படி எழுதுவார்!

1802இல் ஜெபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோதே ஜேம்ஸ் கலெண்டர் என்ற பத்திரிகைக்காரர் றிச்மண்ட் நகரப் பத்திரிகையில் இந்த விசயத்தைப் போட்டுடைத்தார். ஜெபர்சன் பகிரங்கமாக வாயே திறக்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு வெள்ளைப் பேரப்பிள்ளைகள் வேறு கதை சொன்னார்கள்: தகப்பன் ஜெபர்சன் இல்லை, அவருடைய சகோதரியின் மக்களான கார் சகோதரர்களில் ஒருவர் என்று. வரலாற்றாசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அதைத்தான் திருப்பி எழுதினார்கள்.

மறுபக்கத்தில் மடிசன் ஹெமிங்ஸ் இருந்தார். 1873இல் ஒகையோ மாநிலத்தில் ஒரு சிறிய பத்திரிகைக்குத் தன் வாழ்க்கையைச் சொன்னார். ஆபிரிக்கப் பெண், கப்பல்காரன், பாட்டன் வெயில்ஸ், பாரிஸ் வாக்குறுதி, தகப்பன் ஜெபர்சன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தகப்பன் தங்களிடம் பட்சமாக நடந்துகொள்ளவில்லை, பேரப்பிள்ளைகளிடம்தான் பாசம் காட்டினார் என்றும் சொன்னார். மொன்டிசெல்லோவில் அடிமையாக இருந்த இன்னொருவரும் அதே வருடம் அதே பத்திரிகையில் இதை உறுதிப்படுத்தினார். ஆனால் முன்னாள் அடிமை ஒருவரின் வாய்ப்பேச்சு, ஜனாதிபதியின் பேரப்பிள்ளைகளின் கடிதத்துக்கு முன்னால் எடுபடவில்லை.

இதை மாற்றியவர் அனெற் கோர்டன் றீட் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியை. 1997இல் வந்த அவருடைய புத்தகம் புதிதாகப் பெரிய ஆவணம் எதையும் காட்டவில்லை. இருந்த சாட்சிகளையே ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு எடைபோட்டது. வெள்ளைச் சாட்சிக்கு ஒரு தராசு, கறுப்புச் சாட்சிக்கு இன்னொரு தராசு வைத்து இதுவரை நிறுத்திருக்கிறீர்கள் என்று காட்டினார். ஜெபர்சன் மாதக்கணக்கில் ஊரில் இல்லாமல் இருப்பவர். ஆனால் சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு அவர் மொன்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். அவர் இல்லாத காலத்தில் சாலி ஒரு முறையும் கர்ப்பமாகவில்லை. இந்தத் திகதிகள் ஏற்கெனவே அச்சில் கிடந்தவைதான்.

அடுத்த வருடம், 1998 நவம்பரில், நேச்சர் சஞ்சிகையில் டி.என்.ஏ பரிசோதனை முடிவு வெளிவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். வை நிறமூர்த்தம் என்று ஒன்று ஆண்களிடம் மட்டும் இருக்கும். தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிலிருந்து பேரனுக்கு என்று அநேகமாக மாறாமல் இறங்கி வரும். ஜெபர்சனுக்கு மனைவியிடம் பிறந்த ஆண்பிள்ளை எவரும் தங்கவில்லை. அதனால் அவருடைய சிறியதகப்பன் பெரியதகப்பன் வழியில் வந்த ஐந்து ஆண்களின் இரத்தம் எடுக்கப்பட்டது. எஸ்ற்றன் ஹெமிங்ஸின் ஆண்வழியில் வந்த ஒருவரின் இரத்தம் அதோடு பொருந்தியது. கார் குடும்பத்தோடு பொருந்தவில்லை. பேரப்பிள்ளைகள் சொன்ன கதை அன்றோடு முடிந்தது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாலியின் முதல் பிள்ளை சாகவில்லை, அவர்தான் எங்கள் மூதாதை தோமஸ் வூட்சன் என்று இன்னொரு பெரிய கறுப்பினக் குடும்பம் தலைமுறையாகச் சொல்லி வந்தது. அவர்களுடைய இரத்தம் ஜெபர்சன் வழியோடு பொருந்தவில்லை. ஆகவே வாய்வழிக் கதை எல்லாம் உண்மை என்றும் சொல்ல ஏலாது. கடிதத்தைச் சோதிக்கிற மாதிரி அதையும் சோதிக்கவேண்டும். சோதிக்காமலே தள்ளி வைத்ததுதான் நடந்த அநியாயம்.

வை நிறமூர்த்தம் ஒரு குடும்பத்தைக் காட்டுமே தவிர ஒரு ஆளைக் காட்டாது. ஜெபர்சனின் தம்பி றன்டோல்ப் தகப்பனாக இருக்கலாம் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. 2001இல் ஒரு அறிஞர் குழுவின் பெரும்பான்மையினர் அப்படி அறிக்கை விட்டார்கள். ஆனால் 1998க்கு முன்பு அந்தத் தம்பியின் பெயரை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. திகதிகள், மடிசனின் வாக்குமூலம், விடுதலை செய்யப்பட்ட விதம், இரத்தம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து மொன்டிசெல்லோவை நடத்துகிற நிறுவனம் 2000இல் ஜெபர்சனே தகப்பன் என்பதற்கு மிகக் கூடிய சாத்தியம் என்றது. 2018இல் சாலிக்கென்று அங்கே ஒரு காட்சியறை திறந்தபோது இனி இது முடிந்த விவாதம் என்றே சொல்லிவிட்டது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? வாக்கு ஒரு மாதிரிக் காப்பாற்றப்பட்டது. பெவர்லியும் ஹரியற்றும் 1822இல் தோட்டத்தை விட்டுப் போனார்கள். யாரும் தேடிப் பிடிக்கவில்லை. ஹரியற்றுக்கு 50 டொலர் கொடுத்து அனுப்பியதாகத் தோட்ட மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். இரண்டு பேரும் வெள்ளைக்காரராக மாறி வெள்ளைச் சமூகத்துக்குள் கரைந்து போனார்கள். மரத்தின் அந்த இரண்டு கிளைகளும் அதோடு மறைந்துவிட்டன.

மடிசனையும் எஸ்ற்றனையும் ஜெபர்சன் 1826இல் தன் மரணசாசனத்தில் விடுதலை செய்தார். சாலியின் பெயர் அதில் இல்லை. ஜெபர்சனின் மகள் மார்த்தா அவரைச் சத்தமில்லாமல் போகவிட்டார். எங்கட முறையில் சொன்னால், பெறாமகள் சின்னம்மாவைப் பார்த்து இனி நீ உன்பாட்டில் இருக்கலாம் என்று சொன்ன மாதிரி. சாலி மக்களோடு சார்லட்ஸ்வில் நகரில் இருந்து 1835இல் கண்மூடினார். அவருடைய கல்லறை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. 1827 ஜனவரியில் கடனுக்காக மொன்டிசெல்லோ அடிமைகள் 130 பேர் ஏலம் விடப்பட்டார்கள். அதில் ஹெமிங்ஸ் குடும்பத்தின் சொந்தங்களும் அடக்கம்.

எஸ்ற்றன் 1852இல் விஸ்கொன்சினுக்குப் போய், பெயரை எஸ்ற்றன் ஜெபர்சன் என்று மாற்றி வெள்ளையராக வாழ்ந்தார். அவருடைய மூத்த மகன் உள்நாட்டுப் போரில் வடபகுதி இராணுவத்தில் கேணலாக இருந்தவர். பெயர் ஜோன் வெயில்ஸ் ஜெபர்சன். பாருங்கள், எந்தப் பதிவேட்டிலும் தகப்பன் என்று எழுதப்படாத அந்தப் பாட்டன் வெயில்ஸின் முழுப்பெயர் பூட்டப்பிள்ளையின் பெயரில் இருக்கிறது! கொப்பியில் எழுதாததைப் பிள்ளைக்குப் பெயராக வைத்துக் காப்பாற்றி இருக்கிறார்கள். பின்னாளில் எஸ்ற்றனின் சந்ததி கறுப்பு இரத்தத்தை மறைப்பதற்காக, நாங்கள் ஜெபர்சனின் உறவினர் ஒருவரின் வழி என்று கதையை மாற்றிக்கொண்டது. 1974இல் ஃபோன் புரோடி எழுதிய புத்தகத்தில் தங்கள் குடும்பப் பெயர்களைக் கண்ட பிறகுதான் அவர்களுக்கே உண்மை தெரிந்தது.

மடிசனின் பிள்ளைகளில் சிலர் கறுப்பினத்தவராகவே வாழ்ந்து கதையைக் கைமாற்றினார்கள். சொன்னால் நட்டம், மறைத்தால் இலாபம் என்று இருந்த நாட்டில் சொன்னவர்கள் அவர்கள். இரத்தம் பேசுவதற்கு 125 வருடம் முன்பே மடிசன் சொன்னது அச்சில் கிடந்தது.

2002இல் ஜெபர்சனின் வெள்ளைச் சந்ததியினரின் சங்கம், மொன்டிசெல்லோ குடும்ப மயானத்தில் இடம் பெறும் உறுப்புரிமையை ஹெமிங்ஸ் வழியினருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்து முடிவெடுத்தது. எனக்கு இதில்தான் சிரிப்பு வருகிறது. சாலி திருமதி ஜெபர்சனின் தங்கச்சி என்றால், அவருடைய பிள்ளைகள் ஜெபர்சனின் மகளுக்குச் சின்னம்மாவின் பிள்ளைகள். எங்களுக்கு அது சகோதர முறை. தகப்பன் யார் என்ற கேள்வியையே விடுங்கள். தாய்வழியால் மட்டும் பார்த்தாலும் அந்த மயானத்தில் கிடப்பவர்கள் சகோதரங்கள்தான். தமிழில் ஒரு உறவுமுறைச் சொல் இருந்திருந்தால் இருநூறு வருடச் சண்டையில் பாதி மிச்சம்.

எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குடும்ப இணைவுக்கு விண்ணப்பித்து, பிறப்பு அத்தாட்சி எரிந்து போய், இந்தப் பிள்ளை உன் பிள்ளைதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் நின்றவர்கள் எங்களில் எத்தனை பேர். சில நாடுகளில் டி.என்.ஏ கேட்டார்கள். பதிவேடு இல்லாத சனத்தின் வாய்ச்சொல்லை நம்பாத உலகம் புதிதாக வந்ததல்ல. எங்களுக்கும் கச்சேரி எரிந்தது, கோயில் ஏடுகள் போயின, உறுதிகள் போயின.

ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ இன்னும் உயிரோடு இருந்தால், அடுத்த ஞாயிறு தொலைபேசி எடுத்து, அவருடைய அம்மம்மாவின் பெயர் என்ன, எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆண்களின் பெயர் எப்படியும் உறுதியிலும் வழக்கிலும் எங்காவது இருக்கும். பெண்களின் பெயர்தான் முதலில் தொலைகிறது. திகதியும் சேர்த்து எழுதுங்கள். மடிசன் ஹெமிங்ஸ் சொன்னதைக் கடைசியில் காப்பாற்றியது திகதிகள்தான்.